நூறு கிராமும் எங்கட பாதுகாப்பும்

பரிஸ் ஒலிம்பிக் முடிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனால் எங்கட வட்ஸ்அப் குழுக்களில் வினேஷ் போகாட் இன்னும் வைத்தியசாலைக் கட்டிலில்தான் படுத்திருக்கிறார். கட்டையாக வெட்டிய முடி, பக்கத்தில் பி.டி. உஷா. போன கிழமை பெற்றோர் குழு ஒன்றில் அந்தப் படம் திரும்பவும் வந்தது. கீழே இப்படி எழுதியிருந்தார்கள்: "பொம்புளப் புள்ளைகள மாகாணப் போட்டிக்கு அனுப்பச் சொல்ற டீச்சர்மார் இதக் கொஞ்சம் பாருங்க. கடைசியில இதுதான் நடக்கும்."

பார்த்தோம். பார்த்ததை எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் ஆசிரியர் கலாசாலையில் ஒரே தொகுதியில் படித்து, இன்று வாவிக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் படிப்பிக்கிற ஐந்தாறு பேர். உடற்கல்வி படிப்பிக்கிறவரும் இருக்கிறார், கணிதமும் இஸ்லாமும் படிப்பிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எங்கட பாடசாலைகளில் மல்யுத்த மெத்தை கிடையாது. ஆகவே உங்கட பிள்ளையை நாளைக்கே மல்யுத்தத்துக்கு இழுத்துக்கொண்டு போகப் போகிறோம் என்று யாரும் பயப்பட வேண்டாம். அந்தப் படத்தைக் காட்டி நீங்கள் சொல்கிற பாடம் பிழை. அது சாதாரணப் பிழையும் இல்லை, குற்றம் சாட்டப்பட்டவரை விட்டுவிட்டு முறைப்பாடு செய்தவரை வீட்டுக்குள் பூட்டுகிற பிழை.

முதலில் அந்த நூறு கிராமைப் பார்ப்பம். 2024 ஓகஸ்ட் 6ஆம் திகதி, 50 கிலோ பிரிவில் வினேஷ் ஒரே நாளில் மூன்று பேரை வென்றார். முதலாவது ஜப்பானின் யுய் சுசாகி. டோக்கியோவில் தங்கம் எடுத்தவர், பிற நாட்டு வீராங்கனை எவரிடமும் அதுவரை தோற்காதவர். கடைசிச் சில விநாடிகள் வரைக்கும் சுசாகிதான் முன்னுக்கு நின்றார். முடிவு 3-2, வினேஷுக்கு. பிறகு உக்ரேன் வீராங்கனை, பிறகு கியூபா வீராங்கனை. இறுதிப் போட்டிக்குப் போன முதலாவது இந்திய மல்யுத்த வீராங்கனை அவர்தான். இரண்டாம் நாள் காலையிலும் நிறை பார்ப்பார்கள், சலுகை ஒன்றும் கிடையாது. முதல் நாள் மோதல்கள் முடியும்போது ஏறத்தாழ இரண்டரைக் கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. இரவு முழுக்க நித்திரை இல்லை, ஓடினார், நீராவி அறைக்குள் இருந்தார், முடியைக்கூட வெட்டினார்கள். காலையில் 100 கிராம் கூட. தகுதிநீக்கம். அன்று காலையில் கையில் இருந்த வெள்ளிகூடப் போய், கடைசி இடம் கொடுத்தார்கள். விளையாட்டு நடுவர் மன்றத்துக்கு முறையிட்டார், ஓகஸ்ட் 14ஆம் திகதி அதுவும் தள்ளுபடி.

சரி, இதில் "பொம்புளப் புள்ள வெளியில போனா" என்பது எங்கே வருகிறது? விதி கடுமையானது, அதைப் பற்றி வாதாடலாம். ஆனால் அது ஆண்களுக்கும் அதே விதிதான். 53 கிலோவில் விளையாடி வந்தவர் 50க்கு ஏன் இறங்கினார் என்று கேளுங்கள். 53 கிலோவுக்கான இந்தியாவின் ஒலிம்பிக் இடத்தை 2023 உலகப் போட்டியில் அன்திம் பங்கால் என்ற இளம் வீராங்கனை பெற்றுவிட்டார். அந்த நேரம் வினேஷ் எங்கே? முழங்காலில் சத்திரசிகிச்சை. அதற்கு முதல்? டில்லித் தெருவில்.

அந்தத் தெருவைப் பற்றி எங்கட குழுக்களில் யாரும் படம் போடுவதில்லை. 2023 ஜனவரியில், சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஆகியோருடன் வினேஷ் ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார். இந்திய மல்யுத்தச் சம்மேளனத்தை பத்து வருடத்துக்கு மேல் ஆண்ட, நாடாளுமன்ற உறுப்பினருமான பிரிஜ் பூஷன் சரண் சிங் வீராங்கனைகளிடம் பாலியல் தொந்தரவு செய்தார் என்பது குற்றச்சாட்டு. குழு போட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஏப்ரலில் திரும்ப வந்து நடைபாதையில் படுத்தார்கள். உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன பிறகுதான் பொலிஸ் முறைப்பாட்டையே பதிந்தது. மே 28ஆம் திகதி, புதிய பாராளுமன்றக் கட்டிடம் திறந்த அன்று, இவர்களை இழுத்து வாகனத்தில் ஏற்றினார்கள். அந்த வாகனத்துக்குள் அவர்கள் சிரித்துக்கொண்டிருப்பதுபோல முகத்தை மாற்றிய பொய்ப் படம் ஒன்றும் சுற்றியது. (படம் அனுப்புகிற நண்பர்களுக்கு இதையும் ஞாபகப்படுத்துகிறோம்.) ஜூனில் குற்றப்பத்திரிகை, அடுத்த வருடம் மே மாதம் நீதிமன்றம் குற்றச்சாட்டுப் பதிந்தது. வயது குறைந்த பிள்ளை ஒருவரின் பேரில் இருந்த தனி வழக்கு, முறைப்பாடு திரும்பப் பெறப்பட்டதால் 2025இல் மூடப்பட்டது. மற்றதில் அவர் தான் குற்றமற்றவர் என்கிறார். தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை, எங்கட வேலை இல்லை.

ஆனால் தீர்ப்புக்குக் காத்திராமல் பார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. 2023 டிசம்பரில் சம்மேளனத் தேர்தல் நடந்தது. ஒரு பக்கம் பிரிஜ் பூஷனுக்கு நெருக்கமான சஞ்சய் சிங். மறுபக்கம் அனிதா ஷியோரான், 2010 பொதுநலவாயப் போட்டியில் தங்கம் வென்ற மல்யுத்த வீராங்கனை. வாக்கு 40க்கு 7. அன்றைக்கே சாக்‌ஷி மாலிக் தன் சப்பாத்தை மேசையில் வைத்துவிட்டு விளையாட்டை விட்டார். ரியோ ஒலிம்பிக்கில் மல்யுத்தப் பதக்கம் வாங்கி, அப்படி வாங்கிய முதலாவது இந்தியப் பெண் ஆனவர் அவர். அந்த மாதக் கடைசியில் வினேஷ் தன் கேல் ரத்னா விருதையும் அர்ஜுனா விருதையும் டில்லி வீதியில் வைத்துவிட்டுப் போனார். ஏழு மாதத்துக்குப் பிறகு அதே பெண்தான் சுசாகியைத் தோற்கடித்தது.

இந்தப் பெண்ணுக்கு இந்த விளையாட்டில் என்னென்ன நடந்தது என்று கணக்குப் பாருங்கள். ஒன்பது வயதில் வாப்பாவைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். வளர்த்துப் பழக்கியது பெரியப்பா மகாவீர் போகாட் (டங்கல் படத்தில் அமீர் கான் நடித்தாரே, அவர்தான்). 2014இலும், 2018இலும், 2022இலும் பொதுநலவாயத் தங்கம். 2018இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம், இந்தியப் பெண் ஒருவருக்கு மல்யுத்தத்தில் அதுதான் முதல் தடவை. உலகப் போட்டியில் இரண்டு வெண்கலம். ரியோவில் முழங்கால் உடைந்து தூக்குப் படுக்கையில் வெளியே வந்தார், திரும்ப எழும்பினார். டோக்கியோவில் தோற்றதும் சம்மேளனம் அவரை இடைநிறுத்தியது. ஒழுக்கக் குறைவாம். அதில் ஒரு குற்றம் என்ன தெரியுமா? உடுப்பில் இருந்த அனுசரணை நிறுவனத்தின் பெயர் வேறு. அங்கே பெண்ணின் உடுப்பில் எந்தக் கம்பனியின் பெயர் என்று பார்த்தார்கள், இங்கே எத்தனை அங்குலம் என்று பார்க்கிறார்கள். இரண்டு இடத்திலும் அந்தப் பெண் வாய் திறந்து முறைப்பாடு சொன்னபோது கேட்க ஆளில்லை.

"இதெல்லாம் இந்தியா" என்று சொல்லித் தப்ப ஏலாது. எங்கட நாட்டிலும் 2014இல் பெண்கள் கிரிக்கெட் அணிக்குள்ளே இதே மாதிரிக் குற்றச்சாட்டு எழுந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் விசாரித்து, அடுத்த வருடம் மூன்று பேரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த அணியில் இடம் வேண்டுமென்றால் என்ன கேட்கப்பட்டது என்று அப்போது பத்திரிகையில் வந்ததை இங்கே எழுத எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. கேட்டவர்களுக்கு இருக்கவில்லை.

அடுத்தது உடுப்பு. இதைத்தான் எல்லாரும் கடைசி ஆயுதமாக எடுக்கிறார்கள். மல்யுத்த உடுப்பு எங்களுக்குப் பொருந்தாது என்று நினைக்கிற உம்மா வாப்பாவோடு எங்களுக்குச் சண்டை இல்லை. அது அவர்களின் ஈமான், அவர்களின் பிள்ளை. ஆனால் முஸ்லிம் பெண்கள் இந்த விளையாட்டிலேயே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ரியோவில் சாக்‌ஷி மாலிக் வெண்கலம் எடுத்த அதே 58 கிலோவில் மற்ற வெண்கலம் தூனிசியாவின் மர்வா அம்ரிக்கு. கிர்கிஸ்தானின் ஐசுலு தினிபெகோவா டோக்கியோவில் வெள்ளி, பரிஸில் வெண்கலம். துருக்கியின் யாசெமின் அதார் உலகச் சம்பியன். உடுப்பை மூடித்தான் விளையாடுவேன் என்று நின்றவர்களும் இருக்கிறார்கள். பளுதூக்கலில் குல்சும் அப்துல்லாஹ் கேட்டதால் 2011இல் சர்வதேச விதியையே மாற்றினார்கள். வாள்வீச்சில் இப்திஹாஜ் முஹம்மத் ஹிஜாபோடு ஒலிம்பிக் பதக்கம் வாங்கினார்.

இன்னொன்று. பரிஸில் பிரான்ஸ் தன்னுடைய வீராங்கனைகளுக்கு ஹிஜாபைத் தடுத்தபோது எங்கட ஊரே கொதித்தது. கொதித்தது சரி, நாங்களும் பகிர்ந்தோம். ஆனால் அதே கிழமை அதே ஆட்கள், முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் ஹிஜாபும் போட்ட பிள்ளையை இங்கே மைதானத்துக்கு விடவில்லை. பிரான்ஸ் சொன்னது: ஹிஜாப் போட்டால் வெளியே நில். நீங்கள் சொன்னது: ஹிஜாப் போட்டாலும் வெளியே நில். இதில் யார் கடுமை என்று நீங்களே சொல்லுங்கள்.

சொல்கிறோம், ஏனென்றால் எங்கட கண் முன்னால் நடந்தது. தரம் 10 படிக்கிற பிள்ளை. ஈட்டி எறிதலில் வலய மட்டத்தில் முதலிடம், இரண்டாவதாக வந்த பிள்ளைக்கும் அவளுக்கும் ஆறு மீற்றர் வித்தியாசம். நல்ல ஈட்டியும் இல்லை, பாதி நாள் மூங்கில் தடியால் பழகியவள். மாகாணப் போட்டிக்குப் பெயர் போகவில்லை. கூடப் போக ஆசிரியை இல்லை என்றார்கள். எங்களில் இரண்டு டீச்சர்மார் நாங்கள் போகிறோம் என்று எழுத்தில் கொடுத்தார்கள். பதில் வரவில்லை. திகதி முடிந்த பிறகு "அடுத்த வருசம் பார்ப்பம்" என்றார்கள். அடுத்த வருசம் அவளுக்கு ஓ.எல். அதோடு ரியூசன், அதோடு கலியாணப் பேச்சு. அந்தப் பிள்ளை இப்போது இல்ல விளையாட்டுப் போட்டிக்குக்கூட வருவதில்லை. "என்னத்துக்கு டீச்சர்?" என்று கேட்கிறாள்.

திருகோணமலைக்கு இரண்டு நாள் போக பாதுகாப்பு இல்லை. சரி. இதே வாவிக்கரைக் கிராமங்களிலிருந்து எத்தனை உம்மாமார், ராத்தாமார் தனியாக விமானம் ஏறி சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் பணிப்பெண்ணாகப் போகிறார்கள்? முன்பின் தெரியாத வீடு, கதவைப் பூட்டினால் பூட்டினதுதான். அந்த நேரம் கூடப் போக ஆசிரியை கேட்டவர் யார்? மஹ்ரம் கேட்டவர் யார்? மூதூர் றிசானா நபீக்கை 17 வயதில், கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி அனுப்பினார்கள். 2013 ஜனவரியில் ஜனாஸாவைக்கூட நாங்கள் காணவில்லை. காசு வருகிற பயணத்துக்கு ஒரு சட்டம், பதக்கம் வருகிற பயணத்துக்கு வேறு சட்டம். இதை மார்க்கத்தின் பேரில் சொல்லாதீர்கள், கோபம் வருகிறது.

2022 ஓகஸ்டில், பெற்றோல் வரிசையில் நாடே நின்ற நேரம், பேர்மிங்ஹாமில் நெத்மி அஹிம்சா என்ற 18 வயதுப் பிள்ளை 57 கிலோவில் இலங்கைக்கு மல்யுத்த வெண்கலம் கொண்டுவந்தாள். அதே போட்டியில் 53 கிலோவில் எங்கட நாட்டு சாமோதியா கேஷானி, வினேஷோடேயே மோதினாள். தோற்றாள். ஆனால் உலகப் பதக்கம் வென்ற ஒருவரின் முன்னால் போய் நின்றாள். அந்தப் பிள்ளைகளுக்கும் உம்மா வாப்பா இருக்கிறார்கள், அவர்களுக்கும் பயம் இருந்திருக்கும்.

பயப்பட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பயப்படுங்கள், ஆனால் சரியான இடத்தைப் பார்த்துப் பயப்படுங்கள். பயிற்றுவிப்பாளர் யார், அவர் எங்கே இதற்கு முதல் வேலை செய்தார், ஏன் விட்டார் என்று கேளுங்கள். தங்குகிற இடத்தில் திறப்பு யாரிடம் என்று கேளுங்கள். பிள்ளை ஒரு முறைப்பாடு சொன்னால் எழுதி வாங்குகிற ஆசிரியை யார், அந்த எழுத்து எங்கே போகும் என்று கேளுங்கள். 1929 என்ற சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை இலக்கம் எத்தனை பாடசாலை அறிவித்தல் பலகையில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். எங்கட பிள்ளைகளுக்கு நாங்கள் கட்டிய பாதுகாப்பெல்லாம் மதிலும் துணியும்தான். மதிலுக்கு உள்ளே யார் என்ன செய்கிறார் என்று கேட்க ஒரு கதவும் வைக்கவில்லை.

அந்தப் படத்தை அனுப்பியவருக்கு இன்னொரு செய்தி. அது கடைசி இல்லை. பரிஸுக்கு இரண்டு மாதத்துக்குப் பிறகு வினேஷ் ஹரியானாவில் ஜுலானா தொகுதியில் தேர்தலில் வென்றார். 2025இல் பிள்ளை பெற்றார். அந்த டிசம்பரில், லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கை நோக்கித் திரும்பவும் மெத்தைக்கு வருவதாக அறிவித்தார்.

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் நாங்கள் இரண்டு விசயத்தை எழுத்தில் கொண்டுவருகிறோம்: பெண்பிள்ளைகளின் அணியோடு போகிற ஆசிரியைகளின் பெயர்ப்பட்டியல் வருட ஆரம்பத்திலேயே வேண்டும், முறைப்பாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியையின் பெயர் அறிவித்தல் பலகையில் வேண்டும். கை தூக்க ஆட்கள் தேவை. வாப்பாமாரே, மகள் பிறந்த நாளிலிருந்து அவளின் வீட்டுக்குக் கல்லும் சீமெந்தும் கணக்குப் பார்க்கிறீர்கள். அந்தக் கணக்கை ஒரு பின்னேரம் வைத்துவிட்டு கூட்டத்துக்கு வாருங்கள்.