8983-இல் பதில் சொல்வது யார்?

அப்பாச்சி சோலர் தேடல் சர்வரை நிறுவிப் பழகியவர்களுக்கு 8983 மறக்காத எண். 2004-இல் சிநெட் நிறுவனத்தில் யோனிக் சீலி எழுதத் தொடங்கி, 2006-இல் அப்பாச்சி அறக்கட்டளையிடம் வந்துசேர்ந்த மென்பொருள் இது. வேறு எண் சொல்லாவிட்டால் சர்வர் அந்தப் போர்ட்டில்தான் காத்திருக்கும். ஆவணங்களை அனுப்பும் அதன் போஸ்ட் கருவியும் அங்கேதான் போய் நிற்கும். சர்வரை மட்டும் வேறு போர்ட்டுக்கு மாற்றிவிட்டு, அனுப்பும் கட்டளையை அப்படியே விட்டால்தான் வம்பு.

மாற்றுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஒரு முகவரியின் ஒரு போர்ட்டில் பொதுவாக ஒரு நிரல்தான் இயங்க முடியும். பழைய பதிப்பு பயனர்களுக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கும் கணினியிலேயே புதிய பதிப்பைச் சோதிப்பவர், அதை 8984-இல் ஓடவிடுவார். சோலர் டாம்கேட்டுக்குள் ஓடிய காலத்தில் 8080 பரவலாக இருந்தது.

போர்ட்டைச் சொல்லாமல் அனுப்பும்போது 8983 காலியாக இருந்தால் பிழைத்தோம். இணைப்பு மறுக்கப்பட்டதாக உடனே செய்தி வரும், தவறு தெரிந்துவிடும்.

அங்கே பழைய சர்வர் விழித்திருந்தால்தான் ஆபத்து. இரண்டிலும் கோர் எனப்படும் இன்டெக்ஸின் பெயர் ஒன்றாக இருந்தால், அது ஆவணங்களை வாங்கி இன்டெக்ஸில் சேர்த்துக்கொண்டு, வெற்றிக்கு அடையாளமான பூஜ்ய நிலைக் குறியையும் திருப்பி அனுப்பும். புதிய சர்வரில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. கமிட் நடக்கவில்லையோ, ஸ்கீமா தவறோ என்று தேடியே பொழுது போகும். மறு இன்டெக்ஸுக்கு முன் எல்லா ஆவணங்களையும் நீக்கும் கட்டளை இப்படித் திசைமாறினால், பயனர்கள் தேடிக்கொண்டிருக்கும் இன்டெக்ஸே காலியாகிவிடும்.

எலாஸ்டிக்சர்ச் என்ற இன்னொரு தேடல் சர்வரில் இது வேறு விதமாக நேரும். அதன் வழக்கமான 9200 போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்தால், போர்ட்டை நிலையாகக் குறிக்காத சர்வர் தானாகவே 9201-க்கு நகர்ந்துவிடும். யாரும் மாற்றாமலேயே முகவரி மாறிவிடுகிறது.

பல சோலர் சர்வர்களை ஒரே கிளஸ்டராக இணைக்கும் சோலர் கிளவுடின் கதை வேறு. அதன் மாதிரி அமைப்பில் 8983, 7574 என இரு போர்ட்களில் இரு கணுக்கள் ஓடும். எதற்கு அனுப்பினாலும் ஆவணம் உரிய ஷார்டின் (இன்டெக்ஸ் துண்டின்) தலைமைப் பிரதிக்குப் போய்விடும். ஆனால் அந்த உதவி ஒரே கிளஸ்டருக்குள் மட்டும்தான்.

ஆகவே சர்வரின் போர்ட்டை மாற்றுகிறவர், அனுப்பும் பக்கத்தையும் அன்றே மாற்றிவிட வேண்டும். சோலரின் பழைய போஸ்ட் கருவியில் போர்ட் எண்ணை மட்டும் தனியாகக் குறிக்க முடிந்தது. ஆனாலும் கணினி, போர்ட், கோர் மூன்றும் அடங்கிய முழு முகவரியை எழுதுவதே பாதுகாப்பு. அந்த முகவரி ஒரே அமைப்புக் கோப்பில் இருக்கட்டும். அனுப்பும் நிரலும் தேடும் நிரலும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளட்டும். சோதனைக் கோருக்கு வேறு பெயர் வைத்தால், தவறிப்போன கோரிக்கை 404 என்று திரும்பிவிடும். அனுப்புவதற்கு முன்பும் கமிட்டுக்குப் பின்பும் அதே முகவரியில் ஆவண எண்ணிக்கையைக் கேட்டு ஒப்பிட ஒரு நிமிடம்கூட ஆகாது. நீக்கும் கட்டளைக்கு முன் அந்த எண்ணிக்கையைப் பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.