மேற்கில் ஓர் அத்தை

கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்தவர்களிடம் ‘இன்டர்ஷாப்’ பற்றிக் கேட்டால், பலரும் முதலில் சொல்வது அதன் வாசனையைத்தான். காப்பியும் சோப்பும் சலவைத்தூளும் சாக்லேட்டும் கலந்து அடிக்கும் மேற்கத்திய வாசனை. 1962-இல் கம்யூனிஸ்ட் அரசே திறந்த கடை அது. மேற்கு ஜெர்மன் மார்க் நீட்டினால் சரக்கு. சொந்த நாட்டு மார்க் அங்கே செல்லாக்காசு.

முதலில் வெளிநாட்டாருக்கு மட்டும்தான். உள்ளூர்க்காரர் மேற்கு மார்க் வைத்திருந்தாலே குற்றம். 1974-இல் அந்தத் தடையை எடுத்தார்கள். பெருந்தன்மை ஒன்றும் இல்லை, அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு! மேற்கிலிருந்து வந்த அத்தையும் மாமாவும் பிள்ளைகள் கையில் திணித்துவிட்டுப் போன நோட்டு எப்படியாவது கஜானாவுக்கு வந்து சேர வேண்டுமே.

வர்க்கமில்லாச் சமுதாயம் கட்டுவதாகச் சொன்ன நாட்டில் இதனால் இரண்டு வர்க்கம் முளைத்தது: மேற்கில் அத்தை உள்ளவர், இல்லாதவர். இதில் எனக்குச் சிரிப்பு வரும் இடம் வேறு. ராணுவ அதிகாரி, போலீஸ்காரர், முக்கியப் பதவியில் இருப்பவர் எல்லாம் மேற்கத்திய உறவையே அறுத்துக்கொள்ள வேண்டியவர்கள். ஆக, ஆட்சிக்கு அதிக விசுவாசமாக இருந்தவர் வீட்டில்தான் நல்ல காப்பி இல்லை. முணுமுணுப்பு கிளம்பாமல் இருக்குமா? இந்தக் கடைகள் சோஷலிசத்தின் நிரந்தரத் துணை அல்ல என்று 1977-இல் கட்சித் தலைவர் ஹோனெக்கரே மேடையில் சமாதானம் சொன்னார். சொன்னதோடு சரி, கடைகள் பெருகின.

1979 ஏப்ரலில் இன்னொரு சாமர்த்தியம் செய்தார்கள். உள்நாட்டு மக்கள் இனி மேற்கு நோட்டைக் கடையில் நீட்டக் கூடாது. அரசு வங்கியில் அதைக் கொடுத்து, மார்க்குக்கு மார்க் ‘ஃபோரம் செக்’ என்ற சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சோப்பு வாங்குகிறீர்களோ இல்லையோ, அசல் பணம் அன்றே அரசுப் பெட்டிக்குள். விருந்தாளிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர்கள் ரொக்கமாகவே கொடுக்கலாம்.

அப்படியும் எல்லா நோட்டும் வங்கிக்குப் போய்விடவில்லை. குழாய் ரிப்பேருக்கும் கார் உதிரிபாகத்துக்கும் ஆளைப் பிடிக்க அதுதான் உதவியது. 100 மார்க் நோட்டு நீல நிறம் என்பதால், அதைக் கொடுக்கத் தயாராக இருந்தவர்கள் ‘நீல ஓடு தருகிறேன்’ என்று பத்திரிகையில் வரி விளம்பரமே கொடுத்தார்கள். குளியலறைக்குப் பதிக்கிற ஓடு என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.