கணக்கு யாருக்கு வராது?

மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வந்த கையோடு ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, குடியாத்தம், ராணிப்பேட்டை என்று நம் தோல் ஊர்களின் மேல்நிலைப் பள்ளிகளில் ஒரு பங்கீடு நடக்கிறது. யாருக்கு முதல் குரூப், யாருக்கு வணிகவியல், யாருக்குத் தொழிற்கல்வி என்பது தலைமையாசிரியர் அறையில் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். டேனரிக்கு லீவு போட்டுவிட்டு வந்த அப்பனும் பிள்ளையும் நின்றுகொண்டே கேட்கிற வாக்கியம் வருடா வருடம் ஒன்றுதான்: "உம் புள்ளைக்குக் கணக்கு வராதுப்பா. இன்னாத்துக்குக் கஷ்டப்படுத்தற? வேற குரூப் எடுத்துக்கச் சொல்லு."

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு அவர்கள் வெளியே வந்துவிடுகிறார்கள். தோழர்களே, இந்த 'வராது' என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தத் தலையங்கம்.

எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது அண்ணல் அம்பேத்கர் சமஸ்கிருதம் எடுக்க விரும்பினார். தீண்டப்படாதவனுக்கு அது கிடையாது என்றார்கள். பாரசீகம் எடுத்துத்தான் 1907ல் மெட்ரிகுலேஷன் தேறினார். அன்று 'கூடாது' என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். இன்று யாரும் அப்படிச் சொல்வதில்லை. சாஸ்திரம் இருந்த இடத்தில் மார்க் ஷீட் வந்துவிட்டது, 'கூடாது' என்பது 'வராது' ஆகிவிட்டது.

பிளஸ் ஒன் கணக்கில் அப்படி என்னதான் இருக்கிறது? கணங்களும் சார்புகளும், மடக்கை, முக்கோணவியல், ஈருறுப்புத் தேற்றம், தொடர்முறைகள், அணிகள், வெக்டர், கடைசியில் நுண்கணிதத்தின் தலைவாசல். இதைத் தாண்டாமல் பிளஸ் டூ கணக்கு இல்லை. பொறியியல் கலந்தாய்வின் 200 மதிப்பெண் கட்-ஆஃபில் கணக்குக்கு மட்டும் 100. இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு தரும் சட்டம் 2021ல் வந்தது. நல்ல சட்டம். ஆனால் பதினைந்து வயதில் கணக்கிலிருந்து தள்ளி விடப்பட்ட பிள்ளைக்குப் பொறியியலில் அந்த ஏழரையும் பயன்படாது, பட்டியல் சாதிக்கான பதினெட்டும் பயன்படாது. இட ஒதுக்கீடு பதினேழு வயதில் திறக்கிற கதவு. அந்தக் கதவுக்குப் போகும் தெருவை இரண்டு வருடம் முன்னாலேயே அடைத்துவிடுகிறார்கள்.

தலைமையாசிரியர்கள் எல்லோரும் சாதி வெறியர்கள் என்று நான் சொல்லவில்லை. நூறு சதவீதத் தேர்ச்சி காட்டாவிட்டால் மேலதிகாரி முன்னால் கைகட்டி விளக்கம் சொல்ல வேண்டும். அதனால் 'ரிஸ்க்' என்று தெரிகிற பிள்ளைகளை முதலிலேயே கழித்துவிடுகிறார்கள். எந்தப் பிள்ளை ரிஸ்க்? டியூஷனுக்குக் காசில்லாத பிள்ளை, வீட்டில் கேட்டுச் சொல்ல ஆளில்லாத பிள்ளை, அம்மா விடிந்தும் விடியாமலும் ஷூ கம்பெனி வேனில் ஏறிவிட, உலை வைத்து, தம்பியைக் கிளப்பிவிட்டு, இரண்டாம் பீரியடுக்கு ஓடிவருகிற பெண். கழித்துப் பார்த்தால் அது நம் தெருவாகத்தான் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் இல்லாமல் ஓடிய மாதங்கள் எந்த மார்க் ஷீட்டிலும் அச்சாவதில்லை.

கணக்கு நமக்கு அந்நியமா? தோல் சதுர அடியில் விற்கிறது. நேர்க்கோடே இல்லாத உருவம் அது. அளக்கும் எந்திரம் அதைக் குறுகிய பட்டைகளாகப் பார்த்து, ஒவ்வொன்றின் நீளத்தையும் கூட்டிப் பரப்பைச் சொல்கிறது. பிளஸ் ஒன்னில் தொடங்கி பிளஸ் டூவில் வளரும் தொகை நுண்கணிதத்தின் உயிர் அதுதான். தோலை எந்திரத்தில் விடுகிறவன் நம் ஆள். அந்த எந்திரத்தை வடிவமைக்கிற படிப்புக்கு அவன் மகள் லாயக்கில்லை என்கிறார்கள்.

பாலாற்றைக் கெடுத்த டேனரிகள் மீதான வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28ல் தீர்ப்புச் சொன்னது. கழிவுநீரின் பி.எச். 5.5க்கும் 9க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது விதி. 4.5 என்று அறிக்கை வந்தால், 'ஒண்ணுதானே கொறைவு' என்று தோன்றும். மடக்கை படித்தவளுக்குத் தெரியும், அது விதியின் எல்லையைவிடப் பத்து மடங்கு அமிலம் என்று. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து பத்துத் தொழிலாளிகள் செத்தார்கள். ஒரு சுவர் எவ்வளவு தாங்கும் என்பதும் கணக்குதான். அதைப் போடுகிற இடத்தில் நம் ஆட்கள் இல்லை, சுவருக்குக் கீழே தூங்குகிற இடத்தில்தான் உழைப்பாளி இருந்தான்.

நான் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன். நகையை மீட்கவும் குழுக் கடன் கட்டவும் வருகிற பெண்கள், வெளியே வாங்கிய பத்து வட்டிக் கடனைப் பற்றிச் சொல்வதைக் கேட்கிறேன். மாதம் நூற்றுக்குப் பத்து. வட்டி கட்டாமல் அது முதலோடு சேர்ந்துகொண்டே போனால், பத்தாயிரம் ரூபாய் பன்னிரண்டு மாதத்தில் 31,384 ஆகிறது. கடன் கொடுத்தவனுக்கு இந்தப் பெருக்கம் தெரியும். வாங்கியவளுக்கு மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

உடனே ஒருவர் கேட்பார்: "கவிதை எழுதறவன் நீயே இப்படிப் பேசலாமா? வரலாறும் தமிழும் மட்டமா?" மட்டமில்லை. விரும்பி வரலாறு எடுக்கிற பிள்ளை நாளை நம் வரலாற்றை எழுதும். யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

பிறகு வகுப்புக்குள் நடப்பது. 'லேட்டா வந்தா வெளிய நில்லு', 'டெஸ்ட்ல ஃபெயிலானா குரூப் மாத்திடுவேன்' என்பதெல்லாம் எழுதப்படாத சட்டங்கள். சோதனை என்பது எது புரியவில்லை என்று கண்டுபிடிக்கத்தான், ஆளைக் கழிக்க இல்லை. பின்னமும் இயற்கணிதமும் தடுமாறுகிறவர்களுக்கு முதல் மாதம் அதையே திரும்பச் சொல்லிக் கொடுக்கலாம். தவறிய சோதனையை மறுபடி எழுத வாய்ப்பு வேண்டும். அகமதிப்பீட்டின் 10 மதிப்பெண் எதற்கு எவ்வளவு என்று பலகையில் எழுதிப் போட வேண்டும். இந்த விதிகளோடு கடுமையான வீட்டுப்பாடமும் இருக்கட்டும். பாவம் என்று விட்டுவிடுகிற வாத்தியாரும் ஒருவகையில் 'வராது' என்றுதான் சொல்கிறார்.

பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமல் இரண்டு வருடமும் பிளஸ் டூவையே உருப்போட வைத்த தனியார் பள்ளிகளைத் தடுக்கத்தான் 2017-18ல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. முதல் தலைமுறைப் பிள்ளைக்கு ஒரு பாரம் குறைந்தது, வரவேற்போம். ஆனால் தேர்வு போனதோடு பாடமும் போனால், டியூஷன் வைத்திருப்பவன் பிழைத்துக்கொள்வான், நம் பிள்ளை பிளஸ் டூவில் அஸ்திவாரம் இல்லாமல் நிற்கும்.

அமெரிக்காவின் மிசிசிப்பியில் 1961 முதல் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க அடிபட்டு, சிறை சென்று உழைத்தவர் பாப் மோசஸ். கணக்கு வாத்தியார். அங்கே எழுத்தறிவுத் தேர்வு வைத்து ஓட்டை மறுத்தார்கள். பள்ளிக்கூடத்தைக் கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு, 'உனக்குப் படிக்கத் தெரியாது' என்றார்கள். அதே தந்திரம் கணக்கிலும் நடப்பதைக் கண்ட மோசஸ் 1982ல் 'அல்ஜீப்ரா புராஜெக்ட்' தொடங்கினார். ஓட்டுரிமை எப்படியோ அப்படியே அல்ஜீப்ராவும் குடியுரிமை என்றார். 2021ல் இறக்கும்வரை அவர் சொன்னது: 'இவர்களுக்கு வேண்டாம்' என்று யாரைச் சொல்கிறார்களோ, அவர்களே எழுந்து வேண்டும் என்று கேட்க வேண்டும்.

நாம் கேட்போம். பிளஸ் ஒன் சேர்க்கையில் ஒவ்வொரு குரூப்புக்கும் எத்தனை இடம், இட ஒதுக்கீட்டில் யாருக்கு எத்தனை என்பதை வாசலில் ஒட்டச் சொல்வோம். பதினெட்டுக்குள் அருந்ததியருக்கு 2009 முதல் இருக்கிற மூன்றும் அதில் தெரிய வேண்டும். சேர்க்கை நாளில் தகப்பனைத் தனியாக அனுப்பாமல் இயக்கத் தோழர் ஒருவர் கூடப் போக வேண்டும். கல்லூரியில் கணக்கும் இயற்பியலும் படிக்கிற தம்பி தங்கைகள் மே மாதத்திலேயே சேரியில் மாலை வகுப்பைத் தொடங்க வேண்டும். கூட்டத்துக்கு நாற்காலி போடுவது போல இதுவும் இயக்க வேலைதான்.

தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி மனுப் போட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். உங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதல் குரூப்பில் எத்தனை பேர், அதில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேளுங்கள். வந்த எண்ணை எங்களுக்கு எழுதுங்கள். பிள்ளைகள் பெயர் வேண்டாம், ஊரும் எண்ணும் போதும். அச்சில் போடுவோம். கணக்கு யாருக்கு வரவில்லை என்று ஊர் பார்க்கட்டும்.

ஜெய்பீம்.