பாஸ்பேட் வெறும் சுவிட்ச் அல்ல

உயிரியல் படிக்கும் மாணவர்கள் பலருடைய குறிப்பேட்டில் ஒரு வரி இருக்கும்: “புரதத்தில் பாஸ்பேட் சேர்ந்தால் அது வேலை செய்யத் தொடங்கும்; பாஸ்பேட் நீங்கினால் வேலை நின்றுவிடும்.” டியூஷன் வகுப்புகளில் கைமாறும் குறிப்புகளிலும் இதே வரியைப் பார்த்திருக்கிறேன். தேர்வுக்கு முந்திய இரவு மனப்பாடம் செய்ய இதைவிட வசதியான வரி கிடையாது. ஆனால் அது முழு உண்மை அன்று. பல இடங்களில் உண்மைக்கு நேர்மாறானது.

ஒரு வரிக்காக ஒரு கட்டுரையா என்று நீங்கள் கேட்கலாம். பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் படிக்கும் மாணவி என்ற முறையில், இது எழுதப்பட வேண்டிய செய்தி என்றே கருதுகிறேன். அந்த வரி மறைப்பது ஏதோ ஓர் ஆய்வுக்கூட நுணுக்கத்தை அல்ல. நம் வீடுகளில் அன்றாடம் பேசப்படும் இனிப்பு நீர் நோய் உடலுக்குள் எப்படி உருவாகிறது என்பதைப் புரிந்துகொள்ளும் வழியையே அது மறைத்துவிடுகிறது.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். உயிரணுக்களில் பெரும்பாலான வேலைகளைச் செய்பவை புரதங்கள். ஒரு புரதத்தைப் புதிதாகத் தயாரிக்க நேரம் பிடிக்கும். ஆனால் தெருவில் ஒரு நாய் துரத்தினால் நம் தசைகளுக்கு நொடிக்கணக்கில் சக்தி வேண்டும். ஆகவே, ஏற்கெனவே இருக்கும் புரதங்களின் போக்கை உடனே மாற்ற ஒரு வழி தேவைப்படுகிறது. கினேஸ் எனப்படும் நொதிகள், ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்துப் புரதத்தின் மேல் ஒட்டுகின்றன. பாஸ்படேஸ் எனப்படும் நொதிகள் அதைக் கழற்றுகின்றன. பாஸ்பேட் எதிர்மின்னூட்டம் கொண்டது. அது ஒட்டிய இடத்தில் புரதத்தின் வடிவம் மாறலாம். வேறொரு புரதம் வந்து பிடித்துக்கொள்ளப் புதிய இடம் கிடைக்கலாம். இருந்த இடம் மறைந்தும் போகலாம். ஈஸ்ட், நெற்பயிர், மனிதன் என உட்கரு உள்ள உயிரணுக்களைக் கொண்ட எல்லா உயிர்களிலும் இது நடக்கிறது. பாஸ்பேட் ஒட்டும் இடம் பெரும்பாலும் மூன்று அமினோ அமிலங்களில் ஒன்றாக இருக்கும்: செரின், திரியோனின், டைரோசின்.

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். ‘பல’ என்று எழுதி, கடைசி எழுத்தின் மேல் ஒரு புள்ளி வைத்தால் அது ‘பல்’. ‘கல’ என்பதில் வைத்தால் அது ‘கல்’. புள்ளிக்கென்று தனிப் பொருள் கிடையாது. எந்தச் சொல்லில், எந்த எழுத்தின் மேல் வைக்கிறோம் என்பதே பொருளை முடிவு செய்கிறது. “புள்ளி வைத்தால் சொல்லின் பொருள் வலுவாகும்” என்று யாராவது இலக்கண விதி எழுதினால் நாம் சிரிப்போம். “பாஸ்பேட் வைத்தால் புரதம் வேலை செய்யும்” என்பதும் அப்படிப்பட்ட விதிதான்.

இந்த விதி எப்படிப் பரவியது என்பதற்கு வரலாற்றில் ஒரு காரணம் இருக்கிறது. 1950களின் நடுப்பகுதியில், அமெரிக்காவின் சியாட்டல் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எட்மண்ட் பிஷர், எட்வின் கிரெப்ஸ் ஆகிய இருவரும் முயல் தசையிலுள்ள கிளைக்கோஜன் பாஸ்பரிலேஸ் என்ற நொதியை ஆராய்ந்தார்கள். (கிரெப்ஸ் சுழற்சிக்குப் பெயர் தந்த ஹான்ஸ் கிரெப்ஸ் வேறு, இவர் வேறு.) கிளைக்கோஜன் என்பது தசையும் கல்லீரலும் சர்க்கரையைச் சேமித்து வைக்கும் வடிவம். அந்தச் சேமிப்பை உடைத்து எடுப்பது பாஸ்பரிலேஸ்.

தசைச் சாற்றை வடிதாளில் வடிகட்டியபோது வீரியமுள்ள நொதி கிடைத்தது. வடிகட்டாமல் மையவிலக்கியில் சுழற்றித் தெளியவைத்தபோது வீரியமில்லாத நொதியே கிடைத்தது. வடிதாளில் கலந்திருந்த கால்சியம்தான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று பிறகு தெரியவந்தது. கால்சியம் ஒரு கினேஸைத் தூண்டியது. அந்தக் கினேஸ் பாஸ்பரிலேஸின் மேல் பாஸ்பேட்டை ஒட்டியது. தசை சுருங்கும்போது உயிரணுவுக்குள் வெளிப்படுவதும் இதே கால்சியம்தான். 1992ஆம் ஆண்டு இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்தப் பரிசு, பாஸ்பேட்டை ஒட்டுவதைக் கண்டதற்காக மட்டும் அல்ல. ஒட்டியதைத் திரும்ப எடுக்கவும் முடிகிற ஒரு கட்டுப்பாட்டு முறையைக் கண்டதற்காக.

பாஸ்பரிலேஸைப் பொறுத்தவரை நம் குறிப்பேட்டு வரி சரிதான்: பாஸ்பேட் ஏறினால் வேலை நடக்கும். ஆனால் அதே தசையில், அதே நேரத்தில், கிளைக்கோஜனை உருவாக்கும் சிந்தேஸ் என்ற நொதியின் மேலும் பாஸ்பேட் ஏறுகிறது. அது வேலையை நிறுத்திவிடுகிறது. ஓடித் தப்பிக்க வேண்டிய நேரத்தில் சேமிப்பை உடைக்க வேண்டும். புதிதாகச் சேமிக்கக் கூடாது. ஒரே அடையாளம் ஒரு நொதியை எழுப்புகிறது, இன்னொன்றை உறங்க வைக்கிறது. இரண்டையும் தெரிந்துகொண்டால்தான் உயிரணு செய்வதன் நியாயம் புரியும்.

இப்போது சாப்பாட்டுக்குப் பிறகு நடப்பதைப் பார்ப்போம். இரத்தத்தில் சர்க்கரை கூடுகிறது. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் தசை உயிரணுவின் வெளிப்புறத்திலுள்ள ஏற்பியைத் தொட்டதும், அந்த ஏற்பி தன் டைரோசின்களின் மேல் தானே பாஸ்பேட்டை ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடங்குகிறது. செய்தி சில இடைப் புரதங்கள் வழியாக ஏகேடி என்ற கினேஸுக்குப் போய்ச் சேர்கிறது. அதன் மேல் இரண்டு இடங்களில் பாஸ்பேட் ஏற, அதுவும் விழிக்கிறது. ஏகேடி, ஜிஎஸ்கே-3 என்ற மற்றொரு கினேஸின் மேல் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. ஆனால் இங்கே விளைவு தலைகீழ்: ஜிஎஸ்கே-3 ஓய்ந்துவிடுகிறது.

ஜிஎஸ்கே-3 ஓய்வதால் என்ன லாபம்? கிளைக்கோஜன் சிந்தேஸை அடக்கி வைத்திருப்பதே அதன் வேலை. அதையும் கண்டபடி செய்வதில்லை. முதலில் வேறொரு கினேஸ் ஓர் இடத்தில் பாஸ்பேட் வைத்துக் கொடுக்க வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு, நான்கு அமினோ அமிலங்களுக்கு ஒரு முறை என வரிசையாக மேலும் நான்கு இடங்களில் ஜிஎஸ்கே-3 பாஸ்பேட் வைக்கிறது. அது ஓய்ந்த பிறகு, பாஸ்படேஸ்கள் இந்த பாஸ்பேட்டுகளைக் கழற்றிவிடுகின்றன. சிந்தேஸ் விடுபட்டு, சர்க்கரையைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கத் தொடங்குகிறது.

இந்தத் தொடரை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஏற்பியில் பாஸ்பேட் ஏறியது, வேலை தொடங்கியது. ஏகேடியில் ஏறியது, வேலை தொடங்கியது. ஜிஎஸ்கே-3இல் ஏறியது, வேலை நின்றது. சிந்தேஸிலிருந்து இறங்கியது, வேலை தொடங்கியது. ஒரே செய்தி போகும் ஒரே பாதையில் குறிப்பேட்டு வரி இரண்டு முறை சரியாகவும் இரண்டு முறை தவறாகவும் இருக்கிறது. நாணயத்தைச் சுண்டிப் பார்த்து விடை எழுதினாலும் இதே மதிப்பெண்தான் கிடைக்கும்.

மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வு, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பதாகக் கூறியது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே விகிதம் மிக அதிகம். ஆனால் இந்நோயைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் “இன்சுலின் குறைந்துவிட்டது”, “இனிப்பு அதிகம் சாப்பிட்டார்” என்ற இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. இரண்டாம் வகை நோயில், குறிப்பாகத் தொடக்கக் காலத்தில், பலருடைய உடலில் இன்சுலின் இருக்கிறது. சில சமயம் வழக்கத்தைவிட அதிகமாகவே இருக்கிறது. உயிரணுவுக்குள் செய்தி ஒழுங்காகக் கடத்தப்படுவதில்லை என்பதே சிக்கல். ஏற்பிக்கு அடுத்து நிற்கும் புரதத்தில், டைரோசின்களில் ஏற வேண்டிய பாஸ்பேட் குறைந்து, செரின்களில் மிகுதியாக ஏறுவது ஆய்வாளர்கள் முன்வைக்கும் காரணங்களில் ஒன்று. பாஸ்பேட் இருக்கிறது, ஆனால் இடம் மாறியிருக்கிறது. குறிப்பேட்டு வரியை மட்டும் படித்தவரால் இதைக் கற்பனைகூடச் செய்ய முடியாது.

புற்றுநோயிலும் இதைப் பார்க்கலாம். நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில், 9ஆம், 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அதனால் பிசிஆர்-ஏபிஎல் என்ற கலப்புக் கினேஸ் உருவாகி, ஓயாமல் பாஸ்பேட் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. இமாட்டினிப் என்ற மாத்திரை, ஏடிபி வந்து உட்காரும் இடத்தில் தான் உட்கார்ந்து அந்தக் கினேஸைத் தடுக்கிறது. 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்து, உயிரைப் பறித்துவந்த ஒரு நோயைப் பல்லாண்டுகள் கட்டுக்குள் வைத்து வாழக்கூடிய நோயாகப் பலருக்கு மாற்றியது. எந்த நொதி, எந்த இடத்தில் தவறுகிறது என்று தேடியதால் கிடைத்த வெற்றி இது.

இந்தப் பின்னலின் அளவு நம்மை மலைக்க வைக்கும். மனித மரபணுத் தொகுதியில் 518 கினேஸ்கள் இருப்பதாக 2002இல் பட்டியலிட்டார்கள். 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஹீலா எனப்படும் மனித உயிரணுக்களில் 6,600 பாஸ்பேட் இடங்களை அடையாளம் கண்டது. அவற்றில் சுமார் 86 விழுக்காடு செரினில், 12 விழுக்காடு திரியோனினில், 2 விழுக்காடு மட்டுமே டைரோசினில். உயிரணுக்களைத் தூண்டிவிட்டுக் கவனித்தபோது, ஒரே புரதத்தின் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு நேரத்தில் பாஸ்பேட் ஏறி இறங்கியதையும் அதே ஆய்வு காட்டியது. ஆகவே, ஒரு புரதத்தை ஒரே சுவிட்ச் உள்ள விளக்காகப் பார்ப்பது பொருந்தாது.

“தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்விக்கு இவ்வளவு தேவையா? பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை” என்று ஆசிரியர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. 518 கினேஸ்களின் பெயரையும் படிவம் ஐந்து மாணவர் அறிய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்பது பட்டியலை நீட்டுவதை அல்ல, கேள்வியை மாற்றுவதை. பாஸ்பேட் என்ற சொல் வரும்போதெல்லாம் நான்கு கேள்விகளை எழுப்பலாம்: எந்தப் புரதத்தில்? எந்த இடத்தில்? எப்போது? அதைக் கழற்றுவது யார்? கரும்பலகையில் இவற்றை எழுத அரை நிமிடம் போதும்.

நான்காவது கேள்வியை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். பாடப்புத்தகப் படங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் கினேஸுக்கு வண்ணமும் பெயரும் இருக்கும். கழற்றும் பாஸ்படேஸ் பல சமயம் ஒரு சின்ன அம்புக்குறியாக ஓரத்தில் நிற்கும். இன்சுலின் செய்தியின் கடைசிப் படியை முடித்து வைப்பது அந்த ஓரத்து அம்புக்குறிதான்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு யோசனை. அறிவியல் என்றாலே மனப்பாடம் என்று ஒதுங்கிப் போகும் தம்பி தங்கைகளைப் பார்க்கிறேன். அவர்கள் வெறுப்பது அறிவியலை அல்ல, காரணம் சொல்லாத வரிகளை என்பது என் எண்ணம். அடுத்த முறை குழுவாகப் படிக்கும்போது, மேலே சொன்ன இன்சுலின் பாதையை ஒரு தாளில் வரையுங்கள். ஒவ்வொரு படியிலும் பாஸ்பேட் ஏறுகிறதா இறங்குகிறதா, அதனால் வேலை தொடங்குகிறதா நிற்கிறதா என்று குறியுங்கள். பிறகு அந்தத் தாளை வீட்டில் மாத்திரை சாப்பிடும் அப்பாவிடமோ பாட்டியிடமோ காட்டித் தமிழில் விளக்கிப் பாருங்கள். அவர்கள் “ஏன்?” என்று கேட்டு, அதற்கு உங்களால் விடை சொல்ல முடிந்தால், அந்தப் பாடம் உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று பொருள். விடை தெரியாத இடத்தில் நின்றால், மறுநாள் ஆசிரியரிடம் கேட்க ஒரு நல்ல கேள்வி கிடைத்திருக்கிறது.