யாருக்காகக் கூடுகின்றது மாநாடு?

கல்வியில் தொழினுட்பத்தின் பயன்பாடு பற்றி விளக்குதற்கென ஆசிரியரை அழைத்து மாநாடு கூட்டுவது இன்றைய கல்வியுலகின் வழக்கமாகிவிட்டது. மங்கல விளக்கு ஏற்றப்படும். திரையிற் படங்கள் ஓடும். தலைமையுரை முதல் நன்றியுரை வரை கருவியின் பெருமை பேசப்படும். ஆயின், அக்கருவியை வகுப்பறையிற் கையாள வேண்டிய ஆசிரியர் வாய் திறக்கும் வேளை, நிகழ்ச்சி நிரலில் ‘கலந்துரையாடல்’ எனக் குறிக்கப்பட்ட இறுதிப் பத்து நிமிடமே. முன்னைய உரைகள் நீண்டுவிடின் அதுவும் கைவிடப்படும்.

கிளிநொச்சி மாவட்டத்துத் தர்மபுரத்திலிருந்து இத்தகைய மாநாடொன்றிற்குச் செல்லும் ஆசிரியை ஒருவரை எண்ணிப் பார்த்தல் தகும். முல்லைத்தீவு வீதியில் பஸ் ஏறிப் பரந்தனில் இறங்கி, ஏ-9 வீதியில் மற்றொரு பஸ் பிடித்து அவர் யாழ்ப்பாணம் சேர வேண்டும். பதிலாசிரியர் இல்லையெனில் அன்று அவருடைய மாணவர்க்குப் பாடமில்லை. இவ்விழப்புக்கு ஈடாக அவர் கொண்டு திரும்புவன யாவை? ஒரு கோப்பு, ஒரு பேனை, ஒரு சான்றிதழ்.

வன்னி மக்களுக்குத் தொழினுட்பத்தை அறிமுகஞ் செய்ய வேண்டுமென எண்ணுவோர் அம்மண்ணின் வரலாறு அறியாதோரே. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், மின்சாரமும் மின்கலமும் அரிதாகிய வேளையில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் வடபுலத்து மக்கள். சிறிதளவு மண்ணெண்ணெயில் எரியும் ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிலே மாணவர் பரீட்சைக்குப் படித்தனர். இவற்றை எந்த மாநாடும் கற்பிக்கவில்லை, தேவை கற்பித்தது. 2009 சனவரியிற் போர் தர்மபுரத்தை விழுங்கியது. ஊர் பெயர்ந்து மீண்டபின் அங்கு கல்வியை மறுபடி தொடக்கியவர்கள் மனிதரேயன்றிக் கருவிகளல்ல.

கருவியே கற்பிக்கும் என்னும் கனவும் புதியதன்று. பாடசாலைகளிற் புத்தகம் விரைவில் வழக்கொழியும், அதனிடத்தைத் திரைப்படம் கொள்ளும் என்று 1913இல் எடிசன் கூறினார். நூற்றாண்டு கடந்தும் புத்தகம் வழக்கொழிந்திலது. பெரு நாட்டிலே பிள்ளைக்கொரு மடிக்கணினி என்ற திட்டத்தின்கீழ் கணினிகள் பேரளவில் வழங்கப்பட்டன. அதனை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, கணிதத்திலோ மொழியிலோ மாணவர் அடைவு உயர்ந்தமைக்குச் சான்று காணவில்லை. தொழினுட்பம் யாருடைய நிபந்தனையில் வருகிறது என்ற வினாவையே யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு அறிக்கை தலைப்பிற் கொண்டது.

கொரோனாக் காலத்திற் கல்வியைக் காத்தது தொழினுட்பமன்றோ எனச் சிலர் வினவுவர். 2020 மார்ச்சில் இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் கைத்தொலைபேசிக்கு மாறின. 2021இல் பதுளை மாவட்டத்தின் போகிட்டியாவக் கிராமத்தில், அலைத்தொடர்பு தேடி ஆசிரியையும் மாணவரும் காட்டினூடே நடந்து பாறையுச்சிக்கு ஏறினர். அங்கே கல்வியைக் காத்தது கைத்தொலைபேசியா, ஏறிய கால்களா?

தொழினுட்பம் வேண்டாமென்பது இதன் பொருளன்று. ஆய்வுகூட வசதி குறைந்த பாடசாலையில், இதயம் இயங்குமாற்றை அசையும் படமாகக் காட்டும் திரை ஆசிரியருக்குப் பெருந்துணையே. பிழை கருவியிலன்று, கேட்க வேண்டியவர் பேசுவதிலும், பேச வேண்டியவர் கேட்பதிலும் உள்ளது. கருவி பழுதானால் திருத்துபவர் யார்? இணையக் கட்டணம் யாருடைய பையிலிருந்து செல்லும்? தமிழிற் பாடப்பொருளை ஆக்குபவர் யார்? இம்மூன்று வினாக்களையும் ஆசிரியர் எழுப்பும் அமர்வே மாநாட்டின் முதலமர்வாதல் வேண்டும். அவற்றுக்கு விடை கூற இயலாத நிபுணர் கருவியின் புகழ் பாட மேடையேறுதல் தகாது.

ஒருமுறையேனும் அம்மாநாடு தர்மபுரத்திலே கூடட்டும். பரந்தனில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர் அன்று நிபுணராக இருக்கட்டும்.