ஒரே படியால் எல்லாப் பிள்ளைகளையும் அளப்பதா?

பால் ஸ்டோரில் நிற்கும் கிராணி எவரும் வாளியின் எடையை மட்டும் பார்த்துத் தொழிலாளியின் திறமையைத் தீர்மானிப்பதில்லை. மெட்ரோலாக்கைப் போட்டுப் பார்க்கிறோம். எந்த நிரை, கிழட்டு மரமா, இளமரமா, காலையில் மழை உண்டா என்றும் விசாரிக்கிறோம். பாலுக்குக் காட்டும் இந்த நியாயத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாமா என்பதே நமது கேள்வி.

பல இனத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு மொழிச் சோதனையை வைத்து, வந்த எண்ணைக் கொண்டு 'இவன் கெட்டிக்காரன், இவன் மந்தன்' என்று முத்திரை குத்தும் வழக்கம் நமக்குப் புதிதன்று. இந்நாட்டில் 1988 முதல் ஆறாம் ஆண்டில் யுபிஎஸ்ஆர் சோதனை நடந்தது. 2021-இல் அது ரத்தாயிற்று. அதில் மலாய்த் தாள் தேசியப் பள்ளிகளுக்கு வேறு, தமிழ், சீனப் பள்ளிகளுக்கு வேறு. பிள்ளைகளின் வீட்டு மொழி ஒன்றல்ல என்பதைக் கல்வி இலாகாவே ஒப்புக்கொண்டதற்கு இது சான்று. ஆயினும் அத்தாளில் குறைந்தபட்சத் தேர்ச்சி பெறாதவன், கணக்கில் எவ்வளவு வல்லவனாயினும், ரிமூவ் கிளாஸில் ஓராண்டு உட்கார வேண்டியிருந்தது.

அப்படி உட்கார்ந்த நம் தோட்டத்துப் பையன் ஒருவனை நாம் அறிவோம். தகப்பனின் சம்பளச் சீட்டில் நாம் செய்த கூட்டல் பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னவன் அவன்! அவனைத்தான் ஊரார் 'மக்கு' என்றார்கள். அவனும் அதை நம்பிவிட்டான். அவ்வாண்டே பள்ளியை விட்டு நின்றான்.

தரப்படுத்திய சோதனை என்பது ஒரு கூட்டத்துப் பிள்ளைகளிடம் முதலில் நடத்தி, அவர்கள் பெற்றதை அளவாக வைத்து ஆக்கப்படுவது. அக்கூட்டத்தைச் சேராத பிள்ளைக்கு அந்த அளவு எப்படிப் பொருந்தும்? அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைகள் ஒன்பது பேரை ஆங்கிலச் சோதனையால் அறிவுக் குறையுடையோர் வகுப்பில் தள்ளினார்கள். அவர்கள் மொழியிலேயே மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் அந்த வகுப்புக்கு உரியவரல்லர் என்று தெரிந்தது. பிள்ளைகளை அவரவர் தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று 1970-இல் வழக்கு முடிந்தது.

இன்று நம் தோட்டங்களில் இந்தோனேசியத் தொழிலாளரும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சில் 'பிசா' என்றால் 'முடியும்', மலாயில் 'விஷம்'. இரண்டும் நெருங்கிய மொழிகள்தான். அங்கேயே சொல் இப்படிப் புரளுமானால், தமிழ்க் குழந்தையின் நிலையைக் கேட்கவும் வேண்டுமா?

பொது அளவு இல்லாவிட்டால் பள்ளிகளின் குறை மறைந்துபோகும் என்பார்கள். அது நியாயமான பேச்சே. தேசிய மொழியை நம் பிள்ளைகள் நன்றாகக் கற்கவும் வேண்டும். அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. யாருக்கு எந்த உதவி தேவை என்று அறியச் சோதனை வையுங்கள். பிள்ளையைப் பிரித்து ஒதுக்குவதற்கு அதை வைக்காதீர்கள்.

ஆகவே நாம் கேட்பவை இவை. தாய்மொழியிலும் சோதித்த பிறகே ஒரு பிள்ளையின் அறிவைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டு மொழியிலும் அவனுக்குத் தெரிந்த சொற்களைச் சேர்த்தே எண்ண வேண்டும். ஒரு நாள் தாளோடு நில்லாமல், ஆண்டு முழுதும் பார்த்த ஆசிரியரின் சொல்லுக்கும் மதிப்புத் தர வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மதிப்பெண் குறைந்தால் பிள்ளையை வையாதீர்கள். பள்ளிக்குப் போய், எந்த மொழியில், எதைச் சோதித்தீர்கள் என்று ஆசிரியரைக் கேளுங்கள். தனியே போகத் தயங்குவோர் கிளைச் செயலாளரைத் துணைக்கு அழையுங்கள். சம்பளச் சீட்டில் கணக்குக் கேட்கும் நமக்கு, பிள்ளையின் மதிப்பெண்ணுக்கும் கணக்குக் கேட்க உரிமை உண்டு.