உழைச்செல்வார்க்கு ஓய்வு

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு, அருகிலிருந்து பேணும் உழைச்செல்வானையும் ஓர் உறுப்பாக வைத்தது. நாமோ அவனை மறந்தோம். 'அவனை' என்றது நூல்வழக்குப் பற்றி. நம் இல்லங்களில் அப்பணியைச் செய்வோர் பெரும்பாலும் மனைவியும் மகளும் மருமகளுமே.

முதுமையில் வரும் மறதிநோயை, டிமென்ஷியா எனப்படுவதை, எண்ணி இதனை எழுதுகின்றேன். 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நம் நாட்டில் 60 வயது கடந்தோருள் ஏறத்தாழ 88 இலட்சம் பேர் இந்நோயுடையர் என மதிப்பிட்டது. காய்ச்சலுக்குக் கண்விழிப்பது பத்து நாளில் முடியும். இந்நோய்க்கோ ஆண்டுகள் பல. மாலை மயங்கும்போது நோயாளியின் கலக்கம் மிகும். நள்ளிரவில் எழுந்து, தம் வீட்டிலிருந்துகொண்டே 'வீட்டுக்குப் போகவேண்டும்' என்று கதவைத் தட்டுவார். கேட்ட கேள்வியையே நாற்பது முறை கேட்பார். சோறூட்டிய கையையே, தம் பணத்தைத் திருடிய கையென்று அயலாரிடம் முறையிடுவார். இது நோயின் செயலேயன்றி அவர் குற்றமன்று என்பது பேணுபவளுக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு நோகாதிருக்குமோ?

இவளை ஊரார் என் செய்கின்றனர்? புகழ்கின்றனர். 'பொறுமையிற் பூமாதேவி' என்பர். திங்களுக்கொருமுறை வந்து காப்பி அருந்திச் செல்லும் மைத்துனன்மாரும் அங்ஙனமே உரைப்பர். அப்புகழ்ச்சியே எனக்கு ஐயத்தை விளைவிக்கின்றது. புகழ்ந்தவர்க்கு உதவிசெய்யும் கடமை தீர்ந்துவிடுகின்றது. புகழப்பட்டவளோ, 'என்னால் இயலவில்லை' என்று வாய்திறக்க நாணுகின்றாள். உறக்கமின்மையும் முதுகுவலியும் மனச்சோர்வும் அவளைப் பற்றியபின், அவ்வீட்டில் நோயாளிகள் இருவராவர்.

சட்டத்தின் நிலையும் இதுவே. பெற்றோரைக் கைவிட்டவர்க்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று திங்கள் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கின்றது. கைவிடாதவளுக்கு அரைநாள் ஓய்வளிக்க அதில் வழியில்லை.

உடன்பிறந்தார் பணத்தை மட்டுமன்று, நாளையும் பங்கிடுதல் வேண்டும். இது வீட்டார் கடன். நம் கல்லூரி மாணவர் இருவர் இருவராய், வாரத்தில் ஒரு மாலை, இத்தகைய வீடொன்றில் இரண்டு மணிநேரம் இருத்தலாகாதோ? புதியவரைக் கண்டால் நோயாளி மிரள்வார் என்பர். மெய்யே. ஆதலின் செல்பவர் அடிக்கடி மாறலாகாது; முதற் சில வாரங்கள் பேணுபவளும் உடனிருக்க, அதே நாளில் அதே வேளையிற் சென்று பழகுதல் வேண்டும். பழைய படங்களைக் காட்டிப் பேசலாம். பாட்டும் பாடலாம், நேற்றை நிகழ்ச்சி மறந்தார் பலர்க்கும் இளமையிற் கேட்ட பாட்டு நெடுநாள் நிற்கும். அவர் ஏதேனும் மாறிச் சொல்வாராயின் திருத்த முற்பட்டு வாதிடுதல் கூடாது. அவ்விரண்டு மணியில் அவள் உறங்கினும் சரி, கடைத்தெருவுக்குச் சென்றாலும் சரி, யாதொன்றும் செய்யாது வாளாவிருந்தாலும் சரி. அதுபற்றிக் கேட்பதற்கு நமக்கு உரிமையில்லை.